மரபணு அறிக்கை தயங்கும் இடத்தில் தசை எம்ஆர்ஐ என்ன சொல்லும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். உங்கள் தம்பிக்கு 24 வயது. சில வருடங்களாக நுனிக்காலில் நிற்க முடியவில்லை. இப்போது மாடிப்படி ஏறுவதும் சிரமமாகிவிட்டது. தசை சிதையும்போது ரத்தத்தில் கசியும் சிகே என்ற நொதியின் அளவு பல ஆயிரங்களில் இருக்கிறது. மரபணுப் பரிசோதனையில் டிஸ்ஃபெர்லின் என்ற தசைப் புரதத்தின் மரபணுவில் இரண்டு மாற்றங்கள், கொலாஜன் 6 என்ற இன்னொரு புரதத்தின் மரபணு ஒன்றில் ஒரு மாற்றம் வந்திருக்கின்றன. மூன்றுக்கும் எதிரே 'முக்கியத்துவம் உறுதியாகவில்லை' என்று போட்டிருக்கிறார்கள். மருத்துவர் இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லியிருக்கிறார். "மரபணுவையே பார்த்தாகிவிட்டது, அதற்கு மேல் படத்தில் என்ன தெரியப்போகிறது? தசையை வெட்டி எடுத்துப் பார்ப்பதைத் தவிர்க்கலாமா?" என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், வருடத்துக்கு ஒருமுறை எடுத்தால் நோய் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று தெரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதுதான் உங்களை உறுத்தும் கேள்வி என்று நினைக்கிறேன். நரம்புத்தசை நோய் மருத்துவர்களோடு உட்கார்ந்து இந்த மாதிரிப் படங்களைப் பல வருடங்களாகப் பார்த்து வரும் கதிரியக்க மருத்துவன் நான். உங்கள் தம்பியை நான் பரிசோதித்ததில்லை. அதனால் அவருக்கு என்ன நோய் என்று சொல்லப்போவதில்லை. மருத்துவர் ஏன் அந்தப் படத்தைக் கேட்கிறார், அதிலிருந்து எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று சொல்கிறேன்.

மரபணு அறிக்கை ஏன் தயங்குகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். நம் எல்லோரிடமும் அரிய மரபணு மாற்றங்கள் நிறைய உண்டு. பெரும்பாலானவை எந்தத் தொந்தரவும் தராதவை. தசை நோய்களுக்கான பரிசோதனையில் ஏராளமான மரபணுக்களை ஒரே வீச்சில் படிக்கிறார்கள். அவற்றில் சில பிரம்மாண்டமானவை. டைட்டின் என்ற ஒரே மரபணுவில் மட்டும் 363 எக்ஸான்கள், அதாவது புரதத்துக்கான குறிப்பு எழுதப்பட்ட துண்டுகள். இவ்வளவு பெரிய இடத்தில் தேடினால் இதுவரை யாரும் பதிவு செய்யாத மாற்றம் ஏதாவது ஒன்று கிடைக்கத்தான் செய்யும். அது நோயை உண்டாக்குமா, சும்மா இருக்குமா என்று எழுத்து வரிசையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாதபோது ஆய்வகம் 'உறுதியாகவில்லை' என்று எழுதுகிறது. நேர்மையான பதில்தான், ஆனால் வீட்டில் இருப்பவர்களுக்கு எரிச்சலூட்டும் பதில்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. டிஸ்ஃபெர்லின் குறைபாடு, தாயிடமிருந்து வந்த பிரதி, தந்தையிடமிருந்து வந்த பிரதி இரண்டும் கெட்டிருந்தால்தான் நோயாக வெளிப்படும். அறிக்கையில் உள்ள இரண்டு மாற்றங்களும் ஒரே பிரதியில் இருந்தால், மற்றது நல்லபடியாக இருக்கிறது என்று பொருள்; நோய்க்குக் காரணம் வேறு எங்கோ இருக்கலாம். அம்மா அப்பா இருவரின் ரத்தத்திலும் அந்த இரண்டு மாற்றங்களை மட்டும் தேடிப் பார்த்தால் இது தெரிந்துவிடும். எம்ஆர்ஐக்கு முன்போ பின்போ இதை எப்படியும் செய்யச் சொல்வார்கள். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள்.

சரி, படத்துக்கு வருவோம். எம்ஆர்ஐயில் தசையைப் பார்க்க முக்கியமாக இரண்டு வகைப் படங்கள் போதும். முதலாவது டி1. அதில் கொழுப்பு பளிச்சென்று வெள்ளையாகவும் நல்ல தசை சாம்பல் நிறத்திலும் தெரியும். தொடையைக் குறுக்காக வெட்டியது போன்ற ஒரு படத்தில் நடுவே எலும்பு, அதைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு தசைகள், வெளியே தோலடிக் கொழுப்பு. நாள்பட்ட தசை நோயில் தசைநார்கள் மெல்ல அழிய, அந்த இடத்தில் கொழுப்பு வந்து உட்காருகிறது. அப்போது சாம்பலில் வெள்ளைக் கீற்றுகள் ஓடும். கடைசியில் முழுத் தசையும் வெளுத்து, உறை மட்டும் கோடாக நிற்கும். இரண்டாவது வகை ஸ்டிர். இதில் கொழுப்பின் ஒளியை வேண்டுமென்றே அணைத்துவிட்டு நீரை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்கள். தசையில் நீர்க்கோர்வை இருந்தால் அது ஒளிரும். டி1 இதுவரை என்ன போயிற்று என்பதைக் காட்டும். இப்போது எங்கே ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்பதை ஸ்டிர் காட்டும், ஓரளவுக்கு. அந்த 'ஓரளவுக்கு' பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இந்தத் துறையையே சுவாரசியமாக்கும் ஒரு விஷயம் இருக்கிறது. உடம்பில் உள்ள எல்லாத் தசைகளிலும் அதே மரபணுக் கோளாறுதான் இருக்கிறது, ஆனாலும் எல்லாத் தசைகளும் ஒன்றுபோலக் கெடுவதில்லை. ஒட்டியபடி இருக்கும் இரண்டு தசைகளில் ஒன்று முழுக்கக் கொழுப்பாகியிருக்கும், அடுத்தது இருபது வருடம் கழித்தும் கல் மாதிரி இருக்கும். எது முதலில் போகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்ற வரிசை நோய்க்கு நோய் மாறுகிறது. ஒரே நோய் உள்ளவர்களிடையே பெரும்பாலும் ஒத்துப்போகிறது. இது ஏன் என்பதற்கு முழுமையான விளக்கம் இன்னும் யாரிடமும் இல்லை. ஆனால் விளக்கம் இல்லாவிட்டாலும் வரிசையைப் பயன்படுத்தலாம். நான் ஒரு படத்தைத் திறந்ததும் முதலில் பார்ப்பது கெட்டுப்போன தசைகளையல்ல, தப்பித்த தசைகளை. கெட்டவை பல நோய்களில் ஒன்றுபோல இருக்கும். தப்பித்தவைதான் அதிகம் பேசும்.

சிறுவர்களைத் தாக்கும் டுஷென் தசைச்சிதைவை எடுத்துக்கொள்ளுங்கள். பிட்டத்தின் பெரிய தசையான குளூட்டியஸ் மேக்சிமஸும் தொடையின் உள்பக்கப் பெருந்தசையான அடக்டர் மேக்னஸும் சீக்கிரம் வெளுக்கும். அதே தொடையில் கிராசிலிஸ், சார்டோரியஸ், செமிடெண்டினோசஸ், அடக்டர் லாங்கஸ் ஆகிய நான்கும் நெடுநாள் தாக்குப்பிடிக்கும். ஜிஎன்இ மரபணுக் கோளாறில் தொடையின் பின்பக்கமும் கெண்டைக்காலின் முன்பக்கமும் போய்விட்ட பிறகுகூட, தொடையின் முன்பக்க நால்தசைத் தொகுதி தெளிவாக நிற்கும். ஆர்ஒய்ஆர்1 மரபணுக் கோளாறில் அந்த நால்தசைகளிலேயே பிரிவினை: மூன்று வாஸ்டஸ் தசைகளும் பாதிக்கப்பட்டிருக்கும்போது நடுவே ரெக்டஸ் ஃபெமோரிஸ் மட்டும் நன்றாக இருக்கும். முகம், தோள்பட்டை, மேற்கையைத் தாக்கும் எஃப்எஸ்எச்டி நோயில் இடது வலது பேதம்தான் முதல் துப்பு. ஒரு காலின் தசை முழுக்கக் கொழுப்பு, மறுகாலின் அதே தசை அப்பழுக்கில்லாமல் இருக்கும். வேறு பெரும்பாலான தசைச்சிதைவுகளில் இவ்வளவு ஏற்றத்தாழ்வைப் பார்க்க முடியாது. தசைகளில் ஒருவகைச் சர்க்கரை தேங்கும் பாம்பே என்ற மரபு நோயில் காலைவிட முதுகெலும்பை ஒட்டிய தசைகளையும் நாக்கையும் பார்க்க வேண்டும். அறிகுறி தொடங்கும் முன்பே முதுகுத் தசையில் கொழுப்பு தெரியலாம். அதனால்தான் கால்களோடு நிறுத்தாமல், வசதி இருந்தால் தலை முதல் கால் வரை எடுக்கச் சொல்கிறோம்.

இனி உங்கள் தம்பியின் அறிக்கையில் உள்ள இரண்டு பெயர்கள். டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் கெண்டைக்காலின் பின்பக்கம்தான் பெரும்பாலும் முதலில் போகும்: கேஸ்ட்ரோக்னீமியஸின் உள்பாதியும் சோலியஸும். நுனிக்காலில் நிற்க முடியாமல் போவது இதனால்தான். தொடையில் அடக்டர் மேக்னஸும் பின்பக்கத் தசைகளும் கெடும். சார்டோரியஸ், கிராசிலிஸ் இரண்டும் வெகுகாலம் தப்பிக்கும். ஒரு காலத்தில் இதைக் கெண்டைக்காலில் தொடங்கும் மியோஷி வகை, இடுப்பில் தொடங்கும் வகை என இரண்டு நோய்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். 1998-ல் இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு என்று தெரிந்தது. பிறகு 2018-ல் 180-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் எம்ஆர்ஐகளை ஒன்றாக வைத்துப் பார்த்த ஆய்வில், எந்த வகை என்று முத்திரை குத்தியிருந்தாலும் படத்தில் பாதிப்பின் அமைப்பு ஒன்றாகவே இருந்தது. இடுப்பு வகை என்று எழுதப்பட்டவரின் கெண்டைக்காலிலும் பாதிப்பு இருந்தது. அவர் உணரவில்லை, அவ்வளவுதான்.

கொலாஜன் 6 கோளாறின் படம் முற்றிலும் வேறு. இங்கே எந்தத் தசை என்பதைவிட தசைக்குள் எந்த இடம் என்பதுதான் அடையாளம். தொடையின் வெளிப்பக்கத் தசையான வாஸ்டஸ் லேட்டராலிஸைப் பார்த்தால், உறையை ஒட்டிய ஓரம் மட்டும் வெள்ளைப் பட்டையாக மாறியிருக்கும். உட்புறம் சாம்பலாகவே இருக்கும். பக்கத்தில் ரெக்டஸ் ஃபெமோரிஸில் தலைகீழ்: நடுவில் ஒரு மேகம் போல வெண்மை, ஓரம் நன்றாக இருக்கும். கெண்டைக்காலில் சோலியஸும் கேஸ்ட்ரோக்னீமியஸும் ஒன்றையொன்று தொடும் எல்லையில் வெள்ளைக் கோடு ஓடும். கொலாஜன் 6 என்பது தசைநாரின் உள்ளே இல்லை, நார்களைச் சூழ்ந்த இணைப்புத் திசுவில் இருக்கும் புரதம். அதனால் உறையோரம் முதலில் கெடுகிறது என்று நினைக்கத் தோன்றும். பொருத்தமான ஊகம்தான், ஆனால் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த அமைப்பை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். தசை எம்ஆர்ஐயில் படத்தைப் பார்த்தே மரபணுப் பெயரைச் சொல்லக்கூடிய சில நோய்களில் இது ஒன்று.

ஆக, இந்த இரண்டில் எது என்ற கேள்விக்குப் படம் தெளிவாகப் பதில் சொல்லக்கூடிய நிலையில் நீங்கள் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் இப்படி அமையாது. படம் இல்லாமலே ஒன்று சொல்லலாம்: கொலாஜன் 6 கோளாறில் சிகே பொதுவாக இயல்பாகவோ கொஞ்சம் கூடுதலாகவோதான் இருக்கும், பல ஆயிரங்களுக்குப் போவது அரிது. டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் அப்படிப் போவது வழக்கம். மருத்துவரும் இதை மனதில் வைத்துத்தான் படம் கேட்டிருப்பார். கெண்டைக்காலின் பின்பக்கம் வெளுத்து, வாஸ்டஸ் லேட்டராலிஸ் ஓரத்தில் பட்டை எதுவும் இல்லாமல் இருந்தால், அந்தக் கொலாஜன் மாற்றத்தைத் தற்செயலாக வந்த விருந்தாளி என்று ஒதுக்கி வைக்கலாம். அதே நேரத்தில் டிஸ்ஃபெர்லின் மாற்றங்கள்தான் காரணம் என்ற சந்தேகம் கூடும். கூடும் என்றுதான் சொல்கிறேன். படம் பொருந்துவது ஒரு சாட்சி. பெற்றோரின் பரிசோதனை, புரத அளவு ஆகியவையும் சேர்ந்தால்தான் தீர்ப்பு.

புரத அளவு என்று சொன்னேன் அல்லவா, உங்கள் பயாப்ஸி கேள்விக்கு அங்கேதான் பதில் இருக்கிறது. டிஸ்ஃபெர்லின் தசையில் மட்டுமல்ல, ரத்தத்தில் உள்ள மோனோசைட் என்ற வெள்ளையணுக்களிலும் இருக்கிறது. அந்த அணுக்களைப் பிரித்தெடுத்து டிஸ்ஃபெர்லின் இருக்கிறதா என்று பார்க்கலாம். அது இல்லவே இல்லை அல்லது மிகமிகக் குறைவு என்றால், பெரும்பாலும் தசையை வெட்ட வேண்டிய அவசியம் வராது. இந்தப் பரிசோதனை எல்லா ஆய்வகங்களிலும் கிடைக்காது, மருத்துவரிடம் கேளுங்கள். மற்ற தசை நோய்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு குறுக்குவழி இல்லை, அங்கே பயாப்ஸி இன்னும் தேவைப்படுகிறது. அப்படித் தேவைப்பட்டாலும் முதலில் எம்ஆர்ஐ எடுப்பது நல்லது. முழுக்கக் கொழுப்பான தசையில் ஊசி போட்டால் கொழுப்புதான் வரும். பாதிப்பே இல்லாத தசையில் போட்டால் 'இயல்பு' என்று வந்து எல்லோரையும் குழப்பும். பாதிப்பு தொடங்கி, இன்னும் அழியாத தசையைத் தேர்ந்தெடுக்கப் படம் உதவும்.

டிஸ்ஃபெர்லின் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். இந்த நோயில் தசைத் துண்டில் அழற்சி அணுக்கள் தெரிவதுண்டு. ஸ்டிர் படத்தில் கெண்டைக்கால் பளபளவென்று ஒளிரும். சிகே உச்சத்தில் இருக்கும். நோயும் இளம் வயதில், அதுவரை ஓடியாடி விளையாடியவரிடம் வரும். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் பாலிமயோசைட்டிஸ் என்ற தசை அழற்சி நோய் போலவே இருக்கும். அப்படி நினைத்து ஸ்டீராய்டு மாத்திரையில் வருடக்கணக்காக வைக்கப்பட்டவர்கள் பலர். டிஸ்ஃபெர்லின் குறைபாட்டில் டெஃப்லசகார்ட் என்ற ஸ்டீராய்டை முறையாகச் சோதித்துப் பார்த்த 2013-ம் வருட ஆய்வில் பலன் கிடைக்கவில்லை. தசை பலம் குறையும் போக்குதான் தெரிந்தது. அதனால் உங்கள் தம்பியின் அறிக்கையில் 'தசை அழற்சிக்கு வாய்ப்பு' என்று எழுதி வந்தால் பதறி மருந்து தொடங்க வேண்டாம். டி1 படத்தில் கொழுப்பு எந்த வரிசையில் வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு பேசச் சொல்லுங்கள்.

ஸ்டிர் பற்றி 'ஓரளவுக்கு' என்று சொன்னதற்கும் இதுதான் காரணம். தசையில் நீர் கூடியிருக்கிறது என்று அது காட்டுமே தவிர, ஏன் கூடியது என்று சொல்லாது. அழற்சியிலும் ஒளிரும், மரபுவழித் தசைச்சிதைவிலும் ஒளிரும், நரம்பு அறுபட்ட தசையிலும் ஒளிரும். முந்தைய நாள் கடுமையாக உடற்பயிற்சி செய்த ஆரோக்கியமான ஆளின் தொடையிலும் ஒளிரும். எஃப்எஸ்எச்டியில் மட்டும், ஸ்டிரில் ஒளிரும் தசைகள் பின்னால் கொழுப்பாக மாறும் வாய்ப்பு அதிகம் என்று தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் நன்றாகவே காட்டியிருக்கின்றன.

வேறு சில வரம்புகளும் உண்டு. மிக ஆரம்பத்தில் எடுத்தால் ஒன்றும் தெரியாமல் போகலாம். இயல்பான படம் வந்துவிட்டது என்பதால் மட்டும் நோய் இல்லை என்று ஆகாது. மிகத் தாமதமாக எடுத்தால் எல்லாத் தசைகளும் வெளுத்திருக்கும், வரிசையைப் படிக்க வழியிருக்காது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தில்தான் படம் நன்றாகப் பேசும். உங்கள் தம்பி நடந்துகொண்டும் சிரமப்பட்டுக்கொண்டும் இருப்பதால் அந்தக் காலத்தில்தான் இருக்கிறார் என்று தோன்றுகிறது. அப்புறம், பல நோய்களின் அமைப்புகள் ஒன்றோடொன்று கலக்கும். கால்பெய்ன் என்ற இன்னொரு தசைப் புரதத்தின் குறைபாடும் தொடையின் பின்பக்கத்தையும் கேஸ்ட்ரோக்னீமியஸின் உள்பாதியையும் தாக்கும். ஏஎன்ஓ5 மரபணுக் கோளாறும் கெண்டைக்காலின் பின்பக்கத்தில் தொடங்கும். அதனால் வெறும் படத்தை மட்டும் நீட்டி 'இது என்ன நோய்' என்று கேட்டால் நான் ஒரு பட்டியல்தான் தருவேன். இரண்டு மூன்று மரபணுப் பெயர்களோடு வந்து 'இதில் எது பொருந்துகிறது' என்று கேட்டால்தான் உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். தசைக்குள் தழும்புத் திசு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வழக்கமான எம்ஆர்ஐ சரியாகக் காட்டாது என்பதும் ஒரு குறை.

கணினியே படத்தைப் படித்துவிடாதா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 10 வகைத் தசை நோய்களில் எடுத்த 976 எம்ஆர்ஐகளைக் கொண்டு ஒரு மென்பொருளைப் பழக்கினார்கள். அது அனுபவமுள்ள நிபுணர்களைவிட நன்றாகவே நோயைக் கண்டுபிடித்தது. மகிழ்ச்சிதான். ஆனால் அங்கே ஒவ்வொரு தசையிலும் எவ்வளவு கொழுப்பு என்று மதிப்பெண் போட்டுக் கொடுத்தது மனிதர்கள். தவிர, அந்தப் பத்தில் இல்லாத நோயோடு ஒருவர் வந்தால் மென்பொருளுக்கு அந்தப் பெயரே தெரியாது. நோயாளியின் நடையைப் பார்த்த மருத்துவருக்குத் துணையாக இருக்கும். அவருக்குப் பதிலாக இருக்காது.

இனி நோயின் வேகம். இங்கே எம்ஆர்ஐ கண்ணால் பார்ப்பதிலிருந்து அளப்பதற்கு மாறுகிறது. கண்ணால் பார்த்து 'லேசு, நடுத்தரம், தீவிரம்' என்று எழுதினால் ஒரு வருடத்தில் வரும் சின்ன மாற்றம் பிடிபடாது. அதற்கு டிக்சன் முறை. 1984-ல் டிக்சன் விவரித்த உத்தி இது: நீரில் உள்ள ஹைட்ரஜனும் கொழுப்பில் உள்ள ஹைட்ரஜனும் காந்தப் புலத்தில் சற்று வெவ்வேறு வேகத்தில் சுழல்கின்றன. 1.5 டெஸ்லா காந்தத்தில் நொடிக்குச் சுமார் 220 சுழற்சி வித்தியாசம். இரண்டும் ஒரே திசையில் இருக்கும் கணத்தில் ஒரு படம், எதிரெதிர் திசையில் இருக்கும் கணத்தில் ஒரு படம் எடுத்தால், கூட்டிக் கழித்து நீரையும் கொழுப்பையும் தனித்தனியாகப் பிரித்துவிடலாம். ஒவ்வொரு தசைக்கும் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று எண்ணாகவே வரும்.

இந்த எண் மிகவும் நுட்பமானது. எஃப்கேஆர்பி மரபணுக் கோளாறு உள்ளவர்களை 12 மாத இடைவெளியில் இருமுறை அளந்த 2013-ம் வருட ஆய்வில், பல தசைகளில் கொழுப்பு கூடியது எண்ணில் தெளிவாகத் தெரிந்தது. நடை வேகம், தசை பலம் போன்ற வழக்கமான சோதனைகளில் அந்த மாற்றம் பிடிபடவில்லை. நரம்பைத் தாக்கும் மரபு நோயான சார்கோ-மேரி-டூத் 1ஏ வகை மிக மெதுவாகப் போவது. அதிலும் கெண்டைக்காலில் ஒரு வருடத்தில் சராசரியாக 1.2 சதவீதம் கொழுப்பு கூடுவதை 2016-ல் அளந்து காட்டினார்கள். டுஷென் நோய்க்கான கிவினோஸ்டாட் மருந்தின் மூன்றாம் கட்டச் சோதனையில், வாஸ்டஸ் லேட்டராலிஸில் கொழுப்பு 5 முதல் 30 சதவீதத்துக்குள் இருந்த சிறுவர்களை வைத்துத்தான் முக்கிய முடிவைக் கணக்கிட்டார்கள். மிகக் குறைவாக இருந்தால் அந்தக் காலத்துக்குள் மாற்றம் தெரியாது, மிக அதிகமாக இருந்தால் காப்பாற்றத் தசையே மிச்சமில்லை என்பதுதான் காரணம்.

ஆனால் இவையெல்லாம் பல நோயாளிகளின் சராசரி. சோதனை மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க இது அருமையான கருவி. ஒரே ஒருவரை, அதாவது உங்கள் தம்பியை, 'இன்னும் எத்தனை வருடம் நடப்பார்' என்று சொல்ல இது போதாது. அளவிலேயே சறுக்கல்கள் உண்டு. உதாரணமாக டுஷென் நோயில் ஒரே தசையின் இரு முனைகளிலும் கொழுப்பு அதிகம், நடுப்பகுதியில் குறைவு. சென்ற வருடம் எடுத்த இடத்திலிருந்து சில சென்டிமீட்டர் மேலேயோ கீழேயோ இந்த வருடம் எடுத்தால், நோய் முற்றிவிட்டது போலவோ குணமாகிவிட்டது போலவோ எண் காட்டும். வேறு இயந்திரத்தில், வேறு முறையில் எடுத்தாலும் இதே கதை. என் கருத்து: மருந்துச் சோதனையிலோ ஆய்விலோ சேர்ந்திருந்தால் தவிர, வருடாவருடம் எடுக்க வேண்டாம். இப்போது ஒருமுறை நன்றாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது சோதனை வந்தால் அது தொடக்கப் புள்ளியாக இருக்கும். நோயின் போக்கைப் பார்க்க மருத்துவரின் நடைச் சோதனைகளே போதும்.

எம்ஆர்ஐ இல்லாமல் வேறு வழி உண்டா என்றால், உண்டு. தசை அல்ட்ராசவுண்ட் 1980-களின் தொடக்கத்திலிருந்தே பயன்பாட்டில் இருக்கிறது; ஹெக்மட் என்பவர் பெயரில் 1982-ல் வந்த நான்கு படி அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறோம். சின்னக் குழந்தைகளை மயக்க மருந்து இல்லாமல் பார்க்க அதைவிட நல்லது இல்லை. ஆனால் ஆழத்தில் உள்ள தசைகளுக்கு அது எட்டாது. கொழுப்பையும் தழும்பையும் பிரித்துக் காட்டாது. சிடி ஸ்கேனில் கொழுப்பு தெரியும், கதிர்வீச்சும் உண்டு. எம்ஆர்ஐ எடுக்கவே முடியாதவர்களுக்கு மட்டும். பாஸ்பரஸை அளக்கும் எம்ஆர் நிறமாலை என்று ஒன்று இருக்கிறது. 1981-ல் ஆக்ஸ்ஃபோர்டில், தசையில் சேமித்த சர்க்கரையை உடைக்கும் நொதி இல்லாத மெக்ஆர்டில் நோய் என்று சந்தேகிக்கப்பட்ட ஒருவரின் கையைக் காந்தத்துக்குள் வைத்துப் பயிற்சி செய்யச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அமிலம் ஏறும் இடத்தில் அவருடைய தசையில் ஏறவில்லை. ஒரு துளி திசுகூட எடுக்காமல் நொதிக் குறைபாட்டைப் படம்பிடித்தது போல ஆயிற்று. உங்களுக்கு இது தேவைப்படாது. பிடித்த கதை என்பதால் சொன்னேன்.

கடைசியாக, படம் எடுக்கப் போவதற்கு முன் கவனிக்க வேண்டியவை. படத்தில் சில இடங்களை எடுத்துக்காட்டப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசி பொதுவாகத் தேவையில்லை. போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள். இரண்டு கால்களும் ஒரே படத்தில், இடுப்பிலிருந்து கணுக்கால் வரை குறுக்குவெட்டாக, டி1, ஸ்டிர் இரண்டும், முடிந்தால் டிக்சனும் இருக்க வேண்டும். முழங்காலையோ முதுகையோ மட்டும் எடுத்த படம் இதற்குப் பயன்படாது. முந்தைய மூன்று நான்கு நாட்கள் கடுமையான பயிற்சியோ நீண்ட நடையோ வேண்டாம். ஊசி குத்தித் தசை மின்சோதனை செய்ய வேண்டியிருந்தால் எம்ஆர்ஐக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். குத்திய இடம் ஸ்டிரில் ஒளிர்ந்து ஏமாற்றும். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் வருமென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர், முதுகில் உலோகத் தண்டு இருப்பவர்களுக்கு விதிகள் வேறு. மற்ற சில தசை நோய்களில் இவை சகஜம், உங்கள் தம்பிக்கு இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

அறிக்கை வந்ததும் அதில் தசைகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக, இடம் வலம் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். 'இரு தொடைகளிலும் கெண்டைக்கால்களிலும் கொழுப்புடன் கூடிய தசை மெலிவு' என்று ஒரே வரியில் முடிந்திருந்தால் சோர்ந்துபோக வேண்டாம். மறுபடி எடுக்கவும் வேண்டாம். தகவல் படத்தில் இருக்கிறது, அறிக்கையில் இல்லை, அவ்வளவுதான். ஃபிலிம் மட்டும் வாங்காமல் படக் கோப்புகள் முழுவதையும் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கிக்கொண்டு, மரபணு அறிக்கையையும் சேர்த்து, தசை நோய்ப் படங்களைப் படித்துப் பழகிய ஒருவரிடம் காட்டுங்கள். கொலாஜன் 6 பற்றியும் டிஸ்ஃபெர்லின் பற்றியும் தனித்தனியாக 'பொருந்துகிறதா' என்று கேளுங்கள்.